பாக்டீரியா மாதிரி இருக்கும், பாக்டீரியா இல்லை: ஆர்க்கியா ஓர் அறிமுகம்

மேலூருக்குப் பக்கத்தில் எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு கோபர் கேஸ் தொட்டி இருந்தது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டித் தரைக்குள் இறங்கிய வட்டமான குழி, அதன்மேல் கவிழ்த்துப் போட்ட பெரிய அண்டா போல ஓர் இரும்பு டிரம். காலையில் சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக ஊற்றுவார்கள். உள்ளே வாயு சேரச் சேர டிரம் மெல்ல மேலே எழும்பும். அது எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் அன்றைக்கு அடுப்பில் என்ன வைப்பது என்று முடிவு செய்வார் அப்பத்தா.

ஒரு தடவை வீட்டில் காதுகுத்து. விருந்து முடிந்து ஏகப்பட்ட சோறும் பாயசமும் மிஞ்சிவிட்டது. வீணாக்க வேண்டாமே என்று அப்பத்தா அத்தனையையும் தொட்டிக்குள் ஊற்றச் சொன்னார். இரண்டு மூன்று நாளில் டிரம் இதுவரை பார்க்காத உயரத்துக்கு எழும்பி நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அடுப்பைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினால் தீ பிடிக்கவில்லை. வாயு 'உஸ்' என்று வருகிறது, குச்சியை அணைக்கிறது, எரிய மாட்டேன் என்கிறது.

தொட்டியைக் கட்டிக்கொடுத்த கொத்தனாரைக் கூட்டி வந்தோம். வெளியே வழிகிற கரைசலை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். "புளிச்சுப் போச்சு ஆத்தா" என்றார்.

"சோத்தத்தானய்யா ஊத்துனேன், வெசத்தையா ஊத்துனேன்?"

"சோறு திங்கிறது ஒண்ணு, எரியிற வாயு விடுறது இன்னொண்ணு ஆத்தா. முன்னது வேகமாத் தின்னுபுடுச்சு. பின்னதால ஈடு குடுக்க முடியல. இனி கொஞ்ச நாளைக்குச் சோறு, சாணி எதையும் ஊத்தாதீங்க."

பல வருடம் கழித்து உயிரியல் படிக்கும்போதுதான் அந்த மனிதர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. தொட்டிக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. சோற்றையும் சாணத்தையும் தின்று அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் உடைப்பது பாக்டீரியா. அந்த மிச்சத்தை வாங்கி, எரிகிற மீத்தேனாக மாற்றுவது இரண்டாவது கூட்டம். இந்த இரண்டாவது கூட்டம் பாக்டீரியாவே இல்லை. அதற்குப் பெயர் ஆர்க்கியா. தமிழில் தொல்லுயிரி என்றும் எழுதுகிறார்கள்.

பெயர் பலருக்குப் புதிது. ஆனால் மதுரைப் பக்கத்துக் கண்மாய்ச் சேற்றிலும், அலங்காநல்லூர்க் காளையின் வயிற்றிலும், கருவாட்டுக் கடையிலும், ஏன், நம் குடலிலும்கூட அது இருக்கிறது.

ஒரே குட்டையில் ஊறிய மட்டையா?

நுண்ணோக்கியில் பார்த்தால் ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் ஒன்று போலவே தெரியும். இரண்டும் ஒற்றைச் செல். நீளம் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைச் சுற்றி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உருண்டையாகவோ குச்சியாகவோ இருக்கும். நம் செல்லில் இருப்பது போல டி.என்.ஏ.வைப் பொத்தி வைக்கும் உட்கரு இரண்டிலும் கிடையாது. அதனால் 1970-கள் வரை எல்லாவற்றையும் பாக்டீரியா என்ற ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள். அன்றைய பாடப்புத்தகத்தின்படி உலகத்து உயிர்கள் இரண்டே வகை: உட்கரு உள்ளவை, இல்லாதவை.

இதை மாற்றியவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த கார்ல் வோஸ். அவர் படித்தது இயற்பியல். உருவத்தைப் பார்த்து நுண்ணுயிர்களின் உறவைச் சொல்ல முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கடுகு அளவுகூட இல்லாத ஒன்றின் முகஜாடையை வைத்து எப்படிச் சொந்தம் கண்டுபிடிப்பது? அப்படியானால் வேறு எதைப் பார்ப்பது?

1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியபோது ஓலைச்சுவடிகளைத் திரட்டுவதும் அதன் பணிகளில் ஒன்றாக இருந்தது. ஒரே நூலுக்கு நாலு ஊரில் நாலு சுவடி கிடைக்கும். பெயர்த்து எழுதியவர்கள் அங்கங்கே பிழை விட்டிருப்பார்கள். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பாடபேதம் இருந்தால், அவை இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கொள்ளலாம். பாடபேதம் கூடக் கூட உறவு தூரமாகிறது. வோஸ் செய்ததும் இதுதான். எல்லா உயிரிலும், யானையிலும் சரி, எச்சிலில் இருக்கும் கிருமியிலும் சரி, ரைபோசோம் என்று ஒன்று உண்டு. புரதம் தயாரிக்கும் பட்டறை அது. அதன் முக்கியப் பகுதி ஓர் ஆர்.என்.ஏ. இழை. தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்து எழுதப்பட்டு வரும் ஓலை என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓலையை ஒவ்வொரு உயிரிடமிருந்தும் வாங்கி வோஸ் ஒப்பிட்டார்.

இன்றைக்குக் கருவியில் போட்டால் எழுத்து வரிசை வந்துவிடும். அன்றைக்கு அப்படி இல்லை. ஆர்.என்.ஏ.வை நொதியால் துண்டு துண்டாக வெட்டி, கதிரியக்க பாஸ்பரஸால் அடையாளமிட்டு, எக்ஸ்ரே பிலிமில் விழும் கரும்புள்ளிகளை விளக்கு மேசைமேல் வைத்து மணிக்கணக்காகப் பார்க்க வேண்டும். வோஸ் இதைக் கிட்டத்தட்டப் பத்து வருடம் செய்தார். அதே பல்கலைக்கழகத்தில் ரால்ப் வுல்ப் என்பவர் மீத்தேன் விடும் நுண்ணுயிர்களை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் கொடுத்த ஒன்றை 1976-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பாக்டீரியா அனைத்திலும் இருக்க வேண்டிய புள்ளிகள் அந்தப் பிலிமில் இல்லை. மனிதன், செடி, ஈஸ்ட் ஆகியவற்றின் புள்ளிகளும் இல்லை. பாக்டீரியாவிலிருந்து நாம் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் இதுவும் நின்றது.

1977-இல் வோஸும் அவரோடு வேலை பார்த்த ஜார்ஜ் பாக்ஸும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. ஆனால் துறைக்குள் பலர் ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா, வுல்பைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள்ளும்படி சொன்னார் என்று வுல்பே பின்னாளில் எழுதியிருக்கிறார். வுல்ப் விலகவில்லை. முதலில் 'ஆர்க்கிபாக்டீரியா' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். கிரேக்கத்தில் 'ஆர்க்கையோஸ்' என்றால் பழமையானது. பாக்டீரியாவோடு குழப்பம் வரக்கூடாது என்று 1990-இல் அந்த வாலை வெட்டி ஆர்க்கியா என்று சுருக்கினார்கள். உயிர்களுக்கு மூன்று பெரும் பிரிவு என்ற கணக்கு அப்போதுதான் நிலைத்தது: பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உள்ள உயிர்கள். ஒரு மனிதர் பத்து வருடம் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்து உயிர்களின் வரைபடத்தையே மாற்றினார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

தோலை உரித்துப் பார்த்தால்

இரண்டும் வேறு என்பதற்கு ஆர்.என்.ஏ. மட்டும் சாட்சி இல்லை. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வைப் பாருங்கள்.

பாக்டீரியாவின் சவ்வும் சரி, நம் செல்லின் சவ்வும் சரி, கொழுப்பு அமிலங்களால் ஆனவை. அவை கிளிசரால் என்ற மூலக்கூறோடு எஸ்டர் என்ற பிணைப்பால் இணைந்திருக்கும். தேங்காய் எண்ணெயில் இருப்பதும் இதே பிணைப்புதான். எண்ணெயோடு காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால் சோப்பு வருகிறதே, அப்போது அறுபடுவது இந்த எஸ்டர் பிணைப்புத்தான். ஆர்க்கியாவின் சவ்வில் கொழுப்பு அமிலத்துக்குப் பதிலாகக் கிளைவிட்ட வேறு சங்கிலிகள் இருக்கின்றன. அவை இணைவதும் ஈதர் என்ற பிணைப்பால். இது காரத்துக்கும் அமிலத்துக்கும் சூட்டுக்கும் எளிதில் அசையாது. ஆர்க்கியாவின் சவ்வை எடுத்துச் சோப்புக் காய்ச்ச முடியாது!

இன்னொன்று இதைவிட விசித்திரம். அந்தக் கிளிசராலின் அமைப்பு பாக்டீரியாவிலும் நம்மிலும் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, ஆர்க்கியாவில் அதற்கு எதிர்ப்பக்கம். இடம்புரிச் சங்கும் வலம்புரிச் சங்கும் மாதிரி. ஒன்றை எவ்வளவு திருப்பினாலும் மற்றதாகாது. ஏன் இப்படி ஆனது என்பதற்கு இன்னும் யாரிடமும் உறுதியான பதில் இல்லை.

செல் சுவரிலும் வித்தியாசம் உண்டு. பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளால் ஆனது. பென்சிலின் மருந்து அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆர்க்கியாவில் அந்தப் பொருளே கிடையாது. அதனால் பென்சிலின் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. அதே நேரத்தில், டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் அவற்றின் நொதி நம்முடையதை ஒத்திருக்கிறது. டி.என்.ஏ.வை நூல்கண்டு போலச் சுற்றி வைக்க நம் செல்லில் ஹிஸ்டோன் என்ற புரதங்கள் உண்டு. பல ஆர்க்கியாக்களிலும் உண்டு. வெளித்தோற்றத்தில் பாக்டீரியாவுக்குப் பங்காளி, உள்ளே போனால் நமக்குச் சொந்தம். இந்தச் சொந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சாணக்குழியிலிருந்து மாட்டு வயிறு வரை

அப்பத்தாவின் தொட்டிக்குத் திரும்புவோம். மீத்தேனை உண்டாக்கி, அதில் கிடைக்கும் சக்தியை வைத்தே பிழைக்கும் நுண்ணுயிர்கள் அத்தனையும் ஆர்க்கியா. அவற்றுக்கு இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, நாலு ஹைட்ரஜன் மூலக்கூறையும் ஒரு கரியமில வாயு மூலக்கூறையும் சேர்த்து ஒரு மீத்தேனும் இரண்டு தண்ணீர் மூலக்கூறும் ஆக்குவது. இன்னொன்று, அசிட்டிக் அமிலத்தை, வினிகரில் இருக்கிறதே அதேதான், இரண்டாக உடைத்து மீத்தேனும் கரியமில வாயுவும் ஆக்குவது. இரண்டிலும் கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. கஞ்சிக்கே கஷ்டப்படும் குடும்பம் மாதிரிதான் இவற்றின் வாழ்க்கை. அதனால் பெருகுவதும் மெதுவாகத்தான். வசதியான சூழ்நிலையில் ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அசிட்டிக் அமிலத்தைத் தின்னும் சில ஆர்க்கியாக்களுக்கு அதற்குப் பல நாட்கள் ஆகும்.

இப்போது காதுகுத்துச் சோறு என்ன செய்தது என்று பாருங்கள். சாணியில் இருப்பது பெரும்பாலும் மாடு செரித்தது போக மிஞ்சிய நார். அதை உடைக்கப் பாக்டீரியாவுக்கே நேரம் பிடிக்கும். அமிலம் சொட்டுச் சொட்டாக வரும், ஆர்க்கியா அதை வாங்கி முடித்துவிடும். சோறு அப்படி இல்லை. பாக்டீரியா அதன்மேல் பாய்ந்து ஒன்றிரண்டு நாளில் அமிலமாக்கிவிட்டது. மெதுவாகப் பெருகும் ஆர்க்கியாவால் அத்தனை அமிலத்தைத் தீர்க்க முடியவில்லை. அமிலம் கூடக் கூட, நடுநிலைச் சூழல் தேவைப்படும் ஆர்க்கியா முடங்கியது. டிரம்மை மேலே தூக்கியது பெரும்பாலும் கரியமில வாயு. தீக்குச்சி அணைந்ததில் வியப்பில்லை.

கொத்தனார் செய்த வைத்தியமும் அறிவியலுக்குப் பொருந்துவதுதான். கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், அமிலத்தை முறிக்க. பக்கத்துத் தெருவில் நன்றாக எரிந்துகொண்டிருந்த ஒரு தொட்டியிலிருந்து நாலு குடம் கரைசல் வாங்கி ஊற்றச் சொன்னார். தயிருக்கு உறை ஊற்றுவது போல, உயிரோடிருக்கும் ஆர்க்கியாவை உள்ளே சேர்ப்பதற்கு. அப்புறம் காத்திருக்கச் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அடுப்பு நீலமாகப் பிடித்துக்கொண்டது.

மாட்டின் வயிறும் இதே போன்ற ஒரு தொட்டிதான். மாடு புல்லையும் வைக்கோலையும் தின்கிறது, ஆனால் அதைச் செரிக்கும் நொதி மாட்டிடம் இல்லை. முதல் இரைப்பைக்குள் பாக்டீரியாவும் பூஞ்சையும் இன்னும் பலவும் சேர்ந்து நாரை உடைக்கின்றன. அந்த வேலையில் ஹைட்ரஜன் வெளியே வருகிறது. அது தேங்கினால் செரிமானமே நின்றுபோகும். தேங்கவிடாமல் ஹைட்ரஜனை எடுத்து மீத்தேனாக்குவது ஆர்க்கியா. அந்த வாயு பின்பக்கமாகப் போவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மிகப் பெரும் பங்கு வாய் வழியாக, ஏப்பமாகப் போகிறது. பாலமேட்டிலோ அவனியாபுரத்திலோ பிடி மாடு கொட்டகையில் படுத்து அசை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தொண்டைக்குள் ஓர் உருண்டை மேலே ஏறி வருவது தெரியும், நடுநடுவே மெல்ல ஏப்பம் வரும். மேலைநாட்டுப் பெரிய மாடு ஒன்று நாளுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேன் விடுகிறது. நம் நாட்டு மாடு உருவத்தில் சிறியது, தீவனமும் குறைவு, விடுவதும் அதற்கேற்பக் குறைவு.

நெல் வயலிலும் இதே கதைதான். வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. சில நாட்களில் சேற்றிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, ஆர்க்கியா வேலையைத் தொடங்கும். அவை விடும் மீத்தேனில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை. நெற்பயிரின் தண்டுக்குள் காற்றுப் போகவர இருக்கும் வெற்றிடம் வழியாக, புகைபோக்கியில் புகை போவது போல, மேலே போய்விடுகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எனவே இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பெரியாறு பிரதானக் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் வைக்கும் யாரைக் கேட்டாலும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற சொல்லைச் சொல்வார்கள். தண்ணீர் பாய்ச்சி, மண் காய்ந்து லேசாக வெடிப்பு விடும் வரை விட்டு, திரும்பப் பாய்ச்சுவது. காயும்போது மண்ணுக்குள் ஆக்சிஜன் போகிறது. மீத்தேன் விடும் ஆர்க்கியாவுக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. இந்த முறையில் மீத்தேன் பாதியளவு வரைகூடக் குறையலாம், தண்ணீரும் மிச்சம். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடங்களில் வேறு வழியில்லாமல் செய்ததை இன்று உலகம் முழுக்க முறைப்படுத்திப் பரிந்துரைக்கிறார்கள்.

நம் குடலிலும் மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தியை என்ற ஆர்க்கியா உண்டு. பெயரில் 'பாக்டர்' என்று இருப்பது பழைய மிச்சம், அது பாக்டீரியா இல்லை. மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூச்சுக் காற்றில் அளந்தால் தெரியும் அளவுக்கு மீத்தேன் இருக்கும். பயப்பட வேண்டாம். மனிதனுக்குத் தொற்றி நோய் உண்டாக்குவதாக உறுதியாகத் தெரிந்த ஆர்க்கியா இதுவரை ஒன்றுகூட இல்லை. பாக்டீரியாவில் காலரா, காசநோய் என்று எத்தனை! இவ்வளவு பெரிய ஒரு பிரிவு முழுக்க நம்மை விட்டுவைத்திருப்பது ஏன் என்பது இன்னும் திறந்தே கிடக்கும் கேள்வி.

உப்பில் சிவக்கும் உயிர்

மழைக்காலத்தில் வஞ்சிரக் கருவாட்டைக் கட்டிக் கிடப்பில் போட்டு வைத்தால் சில நேரம் அதன்மேல் ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாகப் படரும். தொட்டால் பிசுபிசுப்பு. மதுரைச் சந்தைக்குக் கடற்கரைப் பக்கமிருந்து கருவாடு நிறைய வரும், அதில் சிவந்ததை வியாபாரிகள் தனியே கழித்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உப்புப் போட்டால் கிருமி அண்டாது என்றுதானே கருவாடே போடுகிறோம்? அந்த உப்பிலேயே வந்து இறங்கியதுதான் அந்தச் சிவப்பு. அது உப்பை விரும்பும் ஆர்க்கியா.

கடல் தண்ணீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். உப்பு உறையப் போகும் பாத்திகளில் அது 25 சதவீதத்தைத் தாண்டும். மீன் இல்லை, சாதாரணப் பாக்டீரியாவும் தாக்குப்பிடிக்காது. அந்தத் தண்ணீர் கோடையில் இளஞ்சிவப்பாக மாறுவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அந்த நிறத்தில் பெரும்பங்கு, ஒரு சொட்டில் லட்சக்கணக்கில் நிறைந்திருக்கும் ஹாலோஆர்க்கியாவுடையது, அதாவது உப்பை விரும்பும் ஆர்க்கியாவுடையது. டுனாலியெல்லா என்ற பாசியும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். கேரட்டின் நிறப்பொருளுக்கு உறவான ஒரு சிவப்பு நிறமி இவற்றின் உடலில் இருக்கிறது. வெயிலின் கடுமையிலிருந்து அது செல்லைக் காக்கிறது. நிறம் ஏறிய தண்ணீர் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சீக்கிரம் சுண்டும், அதனால் உப்பளக்காரர்களுக்கும் இவை உதவி.

அவ்வளவு உப்பில் எப்படி உயிர் வாழ்கிறது? ஊறுகாயில் போட்ட மாங்காய் சுருங்குவது போல, உப்புத் தண்ணீரில் எந்தச் செல்லும் நீரை இழந்து சுருங்க வேண்டும். இவை வெளியே இருக்கும் உப்புக்கு ஈடாக உள்ளேயும் பொட்டாசியம் உப்பை நிரப்பிக்கொள்கின்றன. அந்த உப்பிலேயே வேலை செய்யும்படி இவற்றின் புரதங்களும் அமைந்துவிட்டன. விளைவு, உப்பு இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. நல்ல தண்ணீரில் போட்டால் ஹாலோபாக்டீரியம் (பெயர் அப்படி இருந்தாலும் இதுவும் ஆர்க்கியாதான்) செல் வெடித்துச் சிதறிவிடும். உப்பு உறையும்போது கல்லுப்புப் பரலுக்குள் சிறு நீர்த்துளிகள் அகப்பட்டுக்கொள்வது உண்டு. அதற்குள் இந்த உயிர்களும் மாட்டிக்கொண்டு நெடுநாள் உயிரோடிருக்கும். கருவாட்டுக்கு அவை வந்து சேரும் வழி அதுதான். நோய் தராது, ஆனால் மீனின் புரதத்தை அரித்துத் தின்கிறது. கழித்து வைப்பது சரிதான்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு அதிசயங்கள் உண்டு. ஒன்று, சவ்வில் ஊதா நிறப் புரதம் ஒன்றை வைத்து வெயிலிலிருந்தே சக்தி எடுப்பது. 1971-இல் அதைக் கண்டறிந்தபோது, அது நம் கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் புரதத்தைப் போலவே இருந்தது பலரையும் திகைக்க வைத்தது. இன்னொன்று, சதுரமான உயிர். 1980-இல் பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் ஆந்தனி வால்ஸ்பி அதைச் சினாய் தீபகற்பத்து உப்புக் குட்டையில் பார்த்தார். தபால் தலையைப் போலத் தட்டையாக, நாலு மூலையும் கூராக ஒரு செல்! அதை ஆய்வகத்தில் வளர்க்க 2004 வரை ஆனது.

குக்கரைவிடச் சூடான இடத்தில்

ஆர்க்கியா என்றாலே வெந்நீர் ஊற்று, எரிமலை என்றுதான் முதலில் எழுதுவார்கள். நான் அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சமையலறைக் குக்கரில் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும். இந்தியப் பெருங்கடலின் நடுவே, கைரெய் என்ற ஆழ்கடல் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த ஓர் ஆர்க்கியா, பெரும் அழுத்தத்தில் 122 டிகிரியிலும் பெருகியது என்று 2008-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். உயிர் பெருகும் உச்ச வெப்பமாக இன்றுவரை சொல்லப்படுவது அதுதான். இத்தாலியின் வல்கானோ தீவுக் கடலிலிருந்து வந்த பைரோகாக்கஸ் பியூரியோசஸுக்கு 100 டிகிரிதான் சுகமான வெப்பம். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனைகளில் பிழை குறைவாக நகலெடுக்க வேண்டும் என்றால் இதன் நொதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பேட்டரி அமிலத்துக்கு நிகரான புளிப்பில் வாழ்பவையும் உண்டு.

ஆனால் இந்த அதீத இடங்களை மட்டும் சொல்வதால் ஒரு தப்பான எண்ணம் வந்துவிடுகிறது. 1992-இல் சாதாரணக் கடல் தண்ணீரில் ஆர்க்கியா இருப்பது தெரிந்தது. 2001-இல் வெளியான கணக்குப்படி, கடலின் நுண்ணுயிர்ச் செல்களில் சுமார் ஐந்தில் ஒன்று இவை. 2005-இல் சியாட்டிலில் ஒரு மீன்காட்சியகத் தொட்டியிலிருந்து, அம்மோனியாவை நைட்ரைட்டாக்கிப் பிழைக்கும் ஆர்க்கியாவைப் பிரித்தெடுத்தார்கள். இதன் உறவுகள் மண்ணிலும் ஏராளம். வயலில் யூரியா போட்டால் அது அம்மோனியாவாகி, பின் நைட்ரேட்டாக மாறும் வழியில் இவற்றுக்கும் ஒரு கை உண்டு. வீட்டுத் தொட்டிச் செடியின் மண்ணிலும் ஆர்க்கியா இருக்கும்.

நம் செல்லுக்குள் இருக்கும் பழைய உறவு

சொந்தக் கதை என்றேன் அல்லவா? நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே கடலடியில் லோகியின் கோட்டை என்று பெயரிட்ட ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளி எடுத்த சேற்றின் டி.என்.ஏ.வை 2015-இல் படித்தபோது ஒரு புது ஆர்க்கியாக் குழு தெரியவந்தது. நம் செல்லுக்கே உரியவை என்று நினைத்த பல புரதங்களுக்கான மரபணுக்கள் அதில் இருந்தன. இந்தக் குழுவுக்கும் இதன் உறவுகளுக்கும் ஆஸ்கார்ட் என்று பொதுப்பெயர் வந்தது. டி.என்.ஏ. மட்டும்தான் கையில், உயிரை யாரும் பார்த்ததில்லை.

அதை முதலில் வளர்த்துக் காட்டியவர்கள் ஜப்பானியர்கள். 2006-இல் ஜப்பான் கடற்கரைக்கு அப்பால், 2,533 மீட்டர் ஆழத்தில் சேறு எடுத்தார்கள். கழிவுநீர் சுத்திகரிப்புக்காக உருவான, பஞ்சு தொங்கவிட்ட ஒரு கலனில் அதைப் போட்டு, மீத்தேனை ஊட்டி, 2,000 நாளுக்கு மேல் வைத்திருந்தார்கள். பிறகு குழாய்களில் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். இந்த உயிர் இரட்டிப்பாக 14 முதல் 25 நாள் ஆகும். மொத்தம் 12 வருடம். 2020-இல் அதன் படம் வெளியானது: சின்ன உருண்டை, அதிலிருந்து கிளை விட்டு நீளும் கைகள். அது தனியாக வாழ்வதில்லை. அது விடும் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள பக்கத்தில் ஒரு மீத்தேன் ஆர்க்கியா வேண்டும். அப்பத்தாவின் தொட்டியில் நடந்த அதே கொடுக்கல் வாங்கல்.

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கதை இது. ஏறக்குறைய 200 கோடி வருடங்களுக்கு முன் இப்படிப்பட்ட ஓர் ஆர்க்கியா, ஒரு பாக்டீரியாவோடு ஒட்டி வாழ்ந்து, கடைசியில் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. உள்ளே போன பாக்டீரியாதான் இன்று நம் செல்லில் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா. ஏந்திக்கொண்டது ஆர்க்கியா. மரமும் மாடும் மனிதனும் அந்தக் கூட்டுக் குடும்பத்தின் வழிவந்தவர்கள்.

இவற்றின் வேலையை நேரில் பார்க்க ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். 1776-இல் இத்தாலியில் மஜோரே ஏரியின் சேற்றுக் கரையில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா செய்ததை நீங்களும் செய்யலாம். வண்டியூர்க் கண்மாயோ உங்கள் ஊர்க் கண்மாயோ, இலைதழை மக்கிக் கிடக்கும் முழங்கால் ஆழக் கரை போதும். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். சிறிய கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் முட்ட நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்து, வாயில் ஒரு புனலைச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கம்பால் அடிச்சேற்றைக் கிளறினால் குமிழிகள் கொத்தாக எழும்பும். புனலால் பிடியுங்கள். பாட்டிலில் தண்ணீர் இறங்கி வாயு ஏறும். நிறைந்ததும் தண்ணீருக்குள்ளேயே மூடியைப் போட்டுக் கரைக்கு வாருங்கள். இருட்டத் தொடங்கும் நேரமாக இருக்கட்டும், பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலைக் கை நீட்டிப் பிடித்து, மூடியைத் திறந்ததும் நீளமான குச்சியால் நெருப்பைக் காட்டுங்கள். வாய் விளிம்பில் ஒரு நீலம் மெல்லச் சுற்றி வந்து, பாட்டிலுக்குள் கொஞ்சம் இறங்கி, அணையும்.